மைதானத்துப் பருந்தும் றோசமலரும்

றோசமலருக்குக் கோபம் வராது. அவளுக்கு வரவேண்டியதையும் சேர்த்து எனக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. இத்தாலியின் பலெர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒரு பழைய கட்டடத்தில், இரண்டு அறையை நாங்கள் இரண்டு பெண்களும் கனகாலமாகப் பங்கிட்டு இருக்கிறோம். பங்கு என்பது பெயருக்குத்தான். அவள் வியாழன் பின்னேரமும், ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகும் மட்டும் வருவாள். மற்ற நாளெல்லாம் லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டிலேயே தங்கி, அந்த மனுசியைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, மருந்து கொடுத்து, கால் பிடித்துவிட்டுப் படுக்கிறவள். எனக்கு மாடிப்படி கழுவுகிற வேலை. என் வாய்க்கு வீட்டு வேலை சரிவராது என்பது கோயிலுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் தெரியும்.

றோசமலர் இலங்கையில் மன்னார், பேசாலைக்காரி. கட்டை உருவம், மெதுவான நடை. யாரைக் கண்டாலும் முதலில் வாயில் வருவது சாப்பிட்டீர்களா என்பதுதான். தபால்காரன், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், ஒருவரையும் விடமாட்டாள். ஒருமுறை பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போனோம். விரல் அடையாளம் எடுக்கிற பொலிஸ்காரனின் முகம் வாடிக் கிடந்தது. "இன்னும் சாப்பிடவில்லையா" என்று இத்தாலியனில் கேட்டுவிட்டாள். அவன் முழித்தான், பிறகு இல்லை என்று தலையாட்டினான். இவள் பையைத் திறந்து ஒரு மீன் றோலை எடுத்து மேசையில் வைத்தாள். லஞ்சம் என்று சொல்லி இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிடப்போகிறான் என்று நான் வாசலைப் பார்த்தேன். அவன் சாப்பிட்டான். நல்ல உறைப்பு என்றும் சொன்னான். இவளுக்கு விசர் என்று அன்றைக்கு நான் முடிவுகட்டினேன், அதை இன்றுவரை மாற்றவில்லை.

சிஞ்ஞோராவின் மகன் வக்கீல். அவ்வொக்காத்தோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், பெற்ற தாய் உட்பட. கெட்ட மனிதன் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். றோசமலரின் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவர் அவர்தான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை. அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் கால்பந்து. மலையடிவாரத்து மைதானம் ஒன்றில் விளையாடுகிற, இறைச்சிக்கடைப் பொடியன்களும் மின்சார வேலைக்காரர்களும் சேர்ந்த ஒரு சின்ன அணிக்கு அவர் தலைவர். அணியின் பெயர் பருந்துகள். வருடக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்த பருந்துகள் இந்த வருடம் எப்படியோ வெல்லத் தொடங்கின. உடனே அவ்வொக்காத்தோவுக்கு உயிரோடு ஒரு பருந்து வேண்டும் என்று வந்துவிட்டது.

பருந்து வைத்திருப்பவன் சாரோ. பிரான்காச்சோவில், மாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டிலில் அதை வளர்க்கிறான். பண்டகசாலைகளில் புறா விரட்டுவது, கலியாண வீட்டில் மோதிரம் கொண்டுவந்து கொடுப்பது, இதுதான் அவனுக்கும் பறவைக்கும் தொழில். கபில நிறம், தோளில் செம்மை, மஞ்சள் கால். ரெஜினா என்று பெயர், ராணி என்று அர்த்தம். கூண்டில் பொரித்த குஞ்சு, தாயைக் கண்டதில்லை. சாரோதான் கையால் தீனி கொடுத்து வளர்த்தான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ரெஜினா தன் மேலுள்ள விருப்பத்தில்தான் திரும்பி வருகிறது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும், முதல் பிள்ளை பெற்றவன் மாதிரி இருக்கும்.

போட்டி தொடங்கமுன் மைதானத்தின் ஒரு முனையில் ரெஜினாவைப் பறக்கவிடுவார்கள். அது சனத்தின் தலைக்கு மேலால் போய் மறு முனையில் நிற்கும் சாரோவின் தோல் கையுறையில் இறங்கும். பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவ்வொக்காத்தோவுக்கு அது போதவில்லை. காலில் இருக்கிற தோல்வார்களில் அணியின் நிறத்தில் மஞ்சளும் கறுப்புமாக நீள நாடா கட்டச் சொன்னார். சனிக்கிழமை பின்னேரமே பறவையைத் தன் தாய் வீட்டுப் பல்கனியில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார், ஞாயிறு மத்தியானம் விருந்தாளிகள் படம் எடுப்பதற்கு. நாடா ஆகாது என்று சாரோ சொல்லிப் பார்த்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே என்று அவர் அவன் தோளில் தட்டினாராம்.

முதல் சனிக்கிழமை பறவை வந்து பல்கனிக் கட்டையில் இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் சிஞ்ஞோரா பல்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கோழிச் சூப் குடித்தார். அந்தப் பறவை கண் வெட்டாமல் கரண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாம். றோசமலர் சாரோவிடம் கேட்டிருக்கிறாள், இதற்குத் தீனி வைக்கவில்லையா என்று. பறக்கிற நாளுக்கு முன்னால் வைக்கக்கூடாது, எடை குறைவாக இருந்தால்தான் கையுறைக்கு வரும், அது பட்டினி இல்லை, தயார்நிலை என்று அவன் விளங்கப்படுத்தினான். இவள் தலையாட்டினாள். ஒன்றும் அவள் மண்டைக்குள் போகவில்லை.

அன்று பின்னேரம் சிஞ்ஞோராவுக்கு வயிற்றுக்குத்து. டாக்டர் வந்து வாய்வு என்று ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். றோசமலர் வீட்டுக்கு வராமல் எனக்குப் போன் பண்ணி, இது நாவூறு, கண்பட்டது என்றாள். பசித்த ஒரு சீவன் பார்த்துக்கொண்டிருக்க அதன் முன்னால் சாப்பிட்டால் வயிறு நோகாமல் என்ன செய்யும் என்று என்னையே கேட்டாள். முதல் நாள் இரவு அந்த மனுசி ஒரு கோப்பை நிறையப் பொரித்த கத்தரிக்காய் சாப்பிட்டதை நான் நினைவுபடுத்தினேன். பருந்துக்கு நாவூறு பார்க்கிற முதல் ஆள் நீதான், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்று பகிடி பண்ணினேன். அவள் பகிடியை எடுக்கவில்லை. நாங்கள் வளர்ந்த வீடுகளில் வாசலில் நிற்கிற நாய்க்கு ஒரு பிடி வைக்காமல் யாரும் கோப்பையில் கை வைப்பதில்லை. இது அவளுக்கு மூளையில் இல்லை, கையில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பறவை மறுபடி வந்தது. சாரோ போனதும் இவள் பல்லரோவில் வாங்கிய கோழியின் ஈரலையும் இதயத்தையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். ரெஜினா ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட்டது. விடியக் கழுத்தெலும்பும் மிச்ச ஈரலும் கொடுத்தாள். பிறகு அது ஒரு காலை மடித்துச் செட்டைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடியதாம். சிஞ்ஞோரா நிம்மதியாகச் சூப் குடித்தார், வயிறும் நோகவில்லை. றோசமலருக்குப் பெரிய சந்தோசம்.

அன்றைக்கு அரையிறுதி. பறவை பறக்கிறதைப் பார்க்க வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். நாங்கள் வரும்போதே, இன்றைக்கு இது கையில் கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்று சாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மேளம் என்றால் அப்படி ஒரு மேளம். மஞ்சள் புகை கக்குகிற குழாய்களை வேறு கொளுத்தினார்கள், எங்களுக்கே கண் எரிந்தது. ரெஜினாவை விட்டார்கள். அது நேராகப் போய் விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்துவிட்டது. சாரோ விசில் அடித்தான், இறைச்சியை உயர்த்திக் காட்டினான். அது குனிந்து பார்த்தது, அலகைக் கம்பியில் துடைத்தது, இறகைச் சிலிர்த்தது. கீழே ஒரு வெடி வெடித்தது. அவ்வளவுதான், நாடா இரண்டும் பின்னால் இழுபட, பெல்லெக்ரீனோ மலைப் பக்கம் பறந்து போய்விட்டது.

அவ்வொக்காத்தோ சனத்துக்கு முன்னால் சாரோவைத் திட்டினார். பழக்கத் தெரியாதவனை நம்பினேன் என்று கையை விரித்துக் கத்தினார். சாரோ வெறும் கையுறையை நீட்டியபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். றோசமலரின் முகத்தில் இரத்தம் இல்லை. தான் தீனி கொடுத்த விசயத்தை அப்போதுதான் என் காதோடு சொன்னாள். நான் அவள் கையை நசுக்கிப் பிடித்தேன். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற மாதம் இது, வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வா, பறவை போனால் இன்னொரு பறவை என்றேன். அவள் என் கையை மெல்ல எடுத்துவிட்டு, தன் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்ற சாரோவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவன் அடிப்பான் என்றே நான் நினைத்தேன். அவன் கீழே குந்திவிட்டான். வயிறு நிறைந்திருந்தால் இன்றைக்கும் வராது, நாளைக்கும் வராது என்றான். பசித்தால் வரும். ஆனால் அதற்குள் அந்த நாடா ஏதாவது கிளையில் சுற்றினால் தலைகீழாகத் தொங்கும், தொங்கினால் ஓரிரவு தாங்காது. இதைச் சொல்லிவிட்டு, றோசமலரைப் பார்த்து, நீ நல்லதென்று நினைத்துத்தானே கொடுத்தாய் என்றான். எனக்கு வந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவளுக்குத்தான் அது இடிபோல இறங்கியது. வீடு வரும்வரை கன்னத்தைத் துடைத்துத் துடைத்து வந்தாள்.

அன்று இருட்டும்வரை சாரோ மலையில் தேடினான். திங்கட்கிழமையும் தேடினான். றோசமலர் வேலையில் இருந்துகொண்டு பல்கனியால் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். செவ்வாய் மத்தியானம் சிஞ்ஞோரா படுக்கிற நேரத்தில் மலைமேல் இருக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போய்வர உத்தரவு கேட்டாள். அந்த மனுசி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இருத்திக்கொண்டு, போய்வா என்றார். நான் வாளியையும் துடைப்பத்தையும் படிக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். ஈரல் பொட்டலம் அவள் கைப்பையில் இருந்தது.

மேலே குகைக் கோயிலுக்குள் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். எங்கள் சனம் சைவம், கிறிஸ்தவம் என்றில்லாமல் எல்லாரும் ஏறிவருகிற இடம் அது. சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முழங்காலில் இருந்தபடி கன நேரம் முணுமுணுத்தாள். வெளியே வந்ததும் என்ன கேட்டாய் என்றேன். பறவை பத்திரமாக இருக்கவேண்டும் என்று கேட்டிருப்பாள் என்று எனக்கு நினைப்பு.

"அதுக்குப் பசிக்கவேணும் எண்டு கேட்டனான்," என்றாள். "என்ரை வாயாலை ஒரு சீவனுக்குப் பசி கேட்டிருக்கிறன் அக்கா."

இவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட சொல் என்று.

பழைய நடைபாதையில் இறங்கிவரும்போது சாரோ எதிரே வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆள் பாதியாகியிருந்தான். மூன்று பேருமாக நடந்தோம். ஒரு வளைவில் அவன் கையை உயர்த்தி நிற்கச் சொன்னான். ரெஜினாவின் காலில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தது. அந்தச் சத்தம். பைன் மரமொன்றின் நடுக்கிளையில் இருந்தது. அவன் விசில் அடித்து இறைச்சியைக் காட்டியதும், அன்றைக்கு மாதிரி இல்லை, உடனே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கிளையில் சுற்றியிருந்த நாடா இறுகி, பறவை தலைகீழாகத் தொங்கிச் செட்டையை அடிக்கத் தொடங்கியது.

சாரோ மரத்தில் ஏறினான். இளந்தாரி இல்லை அவன். பட்டையில் கை உரிந்து இரத்தம் வருகிறது, அவன் ஏறுகிறான். றோசமலர் தன் தோள் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு மரத்தின் கீழே போய் நின்றாள். அவன் கத்தியை நீட்டி நாடாவை அறுத்தான். ரெஜினா பாதி விழுந்து பாதி பறந்து நிலத்துக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. பிறகு அவள் பொட்டலத்தை அவிழ்த்ததும் தத்தித் தத்தி ஓடிவந்து சால்வைக் கையில் ஏறியது. நகம் சால்வைக்குள்ளால் போய்த் தைத்தது. அவள் அசையவில்லை. ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தாள்.

சாரோ இறங்கிவந்து பறவையின் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு அழுதான். பார்த்தாயா, எங்களை விட்டுப் போக அதற்கு மனமில்லை, விருப்பத்தில் திரும்பி வந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். றோசமலர் அதைக் கேட்டபடி ஈரலைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்க்காமல், தமிழில் என்னிடம் சொன்னாள்.

"முகாமிலை சாப்பாட்டு லொறி வரேக்கை நானும்தான் ஓடினனான். லொறிக்காரனிலை எனக்கென்ன விருப்பமே? பசி இல்லாத அண்டைக்கு இது எங்கை போனது எண்டு இந்த மனுசனுக்குச் சொல்லுங்கோ."

ஊரில் யுத்தம் முடிந்த கையோடு அவள் முகாமில் இருந்தவள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். பொட்டலத்தை எறிவார்களாம், சனம் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுமாம், லொறிக்கு மேலே நின்று ஒருவன் படம் பிடிப்பானாம். அவ்வளவுதான் சொன்னாள்.

என்ன சொல்கிறாள் என்று சாரோ என்னைக் கேட்டான். கோதாரி, அதைச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. பிள்ளை இல்லாத மனிதனிடம் உன் பிள்ளைக்கு உன்மேல் விருப்பமில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில், லொறியும் முகாமும் பசியுமாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. விளக்குக் கம்பத்தில் அது அலகைத் துடைத்ததை நினைத்தானோ என்னவோ, பறவையின் முதுகை ஒற்றை விரலால் தடவினான். ஒரு வார்த்தை மட்டும் கேட்டான், அன்றைக்கு உன் பல்கனியில் சாப்பிட்டபிறகு அது என்ன செய்தது என்று. ஒற்றைக் காலில் நின்று நித்திரை கொண்டது என்று றோசமலர் சொன்னாள். என் கொட்டிலில் சனிக்கிழமைகளில் அது நித்திரை கொள்வதில்லை என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. அவ்வொக்காத்தோ. இரண்டு கையும் இரத்தமாக இருந்ததால் சாரோ போனை முழங்காலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். பறவை கிடைத்துவிட்டது என்றதும் அந்தப் பக்கம் ஒரே சந்தோசம். பழைய கோபமெல்லாம் போய், நீதான் மனிதன் சாரோ என்றார். ஞாயிறு இறுதிப் போட்டி, பத்திரிகைக்காரர் வருகிறார்கள், இன்றைக்கே தீனியைக் குறைக்கத் தொடங்கு, சனிக்கிழமை வழக்கம்போலப் பல்கனிக்குக் கொண்டுவா, நாடா இன்னும் நீளமாகப் புதிது தைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். போன ஞாயிறு ஏன்தான் அப்படிப் போனதோ என்று தனக்குள்ளே கேட்பது போலக் கேட்டார்.

சாரோ எங்களைப் பார்த்தான். சத்தம் அதிகமாக இருந்தது என்று ஏதோ சொல்லத் தொடங்கினான். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். அதற்கு நன்றியாக நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி வைக்க நேர்ந்துகொண்டேன், மனதுக்குள். றோசமலர் பறவை இருந்த கையை அசைக்காமல் குனிந்து போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனாள். அவளுடைய இத்தாலியன் நல்ல சுத்தம், சிஞ்ஞோராவிடம் பழகியது.

"நான் றோசமலர், அவ்வொக்காத்தோ. தீனி கொடுத்தது நான்தான். இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்தாலும் கொடுப்பேன்."

எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக் குழறவேண்டும் போலவும் இருந்தது. பெர்மெஸ்ஸோ, ஒப்பந்தம், கையெழுத்து எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் போய்வந்தன. அவள் நிமிர்ந்து, பறவைக்கு அடுத்த துண்டைக் கிழித்தாள்.

அவ்வொக்காத்தோ இரண்டு தரம் சாரோ, சாரோ என்று கூப்பிட்டார். சாரோ போனை எடுத்து அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, இன்னும் ஈரல் இருக்கிறதா என்று கேட்டு றோசமலரிடம் கையை நீட்டினான்.